மூளை கூர்மை: எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடலாம்

வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தலைமுறைக்கு அந்தக் காயை ஊட்டினார்கள். கணக்கு வந்தவர்களுக்கு வந்தது, வராதவர்களுக்கு வரவில்லை. வெண்டைக்காய் பாவம், அதற்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இப்போது அதே இடத்தில் வல்லாரை கேப்சூல், ஊறவைத்த பாதாம், தினமும் பத்து நிமிடம் விளையாடச் சொல்லும் செல்போன் ஆப் என்று வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஐம்பதைத் தாண்டி, சமையலறைக்குள் போய் "எதுக்கு வந்தேன்?" என்று நிற்கத் தொடங்கியதும் நானும் இவற்றில் பாதியை வாங்கிப் பார்த்தேன்.

மூளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதனிடமிருந்து எது திருடுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதனால் இந்த வழிகாட்டி திருடர்களிலிருந்து தொடங்கும். அடுத்து தூக்கம், நடை, சாப்பாடு. அவை ஓரளவு சரியான பிறகுதான் கவனமும் ஞாபகப் பயிற்சியும். வரிசையை மாற்றினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

மூளையின் எடை 1.3, 1.4 கிலோ இருக்கும். உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்துவைக்க அங்கே கிடங்கும் கிடையாது. இரத்தம் நொடிக்கு நொடி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தக் குழாய்களைக் கெடுக்கும் எதுவும் மூளையையும் கெடுப்பது இதனால்தான்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை அது பட்டியலிட்டது. குறைந்த கல்வி, காது மந்தம், கெட்ட கொழுப்பு, மன அழுத்த நோய், தலைக் காயம், உடலுழைப்பு இல்லாமை, சர்க்கரை நோய், புகை, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், அதிகக் குடி, தனிமை, காற்று மாசு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு. இத்தனையையும் ஒழிக்க முடிந்தால் உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது ஊர் மொத்தத்துக்கான கணக்கு, தனி ஆளுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். வெண்டைக்காய் சாப்பிடாதது அதில் இல்லை.

முதல் படி: திருடர்களைப் பிடியுங்கள்

இதற்கு ஒரு காலைப் பொழுதும் ஒரு இரத்தப் பரிசோதனைச் செலவும் போதும்.

பிபியிலிருந்து ஆரம்பியுங்கள். மாடிப்படி ஏறி வந்ததும் பார்த்த பிபி செல்லாது. நாற்காலியில் சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்துவைத்துச் சராசரி எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஐம்பது வயதைக் கடந்த 9,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஸ்பிரின்ட் என்ற ஆய்வு நடந்தது. மேல் அளவை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட, லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாக வந்தது என்பது 2019இல் வெளிவந்த முடிவு. அதற்காக எழுபது வயது அப்பாவின் மாத்திரையை நீங்களே கூட்டிவிடாதீர்கள். பிபி அதிகம் இறங்கினால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார், இடுப்பு எலும்பு முறியும்.

அடுத்தது சர்க்கரை. காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பதோடு ஹெச்பிஏ1சியும் பாருங்கள், மூன்று மாதச் சராசரி தெரியும். 5.7இலிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இது இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. "எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே" என்பது இதில் சான்றாகாது.

அதே இரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இவை குறைந்தால் வரும் மந்தமும் மறதியும் அப்படியே வயோதிகம்போலத் தெரியும். ஆனால் உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. பி12 தாவர உணவில் கிட்டத்தட்ட கிடையாது. சைவம் சாப்பிடுபவர்கள், பால் தயிரும் குறைவாகச் சேர்ப்பவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள் வயதானவர்களின் தலையை மசமசவென்று ஆக்கிவிடும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "இதில் மறதியைத் தரக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இனி காது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன், காரணம் என் வீட்டில் நடந்தது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயதில் மறதி வந்துவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சொன்னதையே திரும்பக் கேட்பார். பால்காரர் சொன்ன கணக்கை மாற்றிச் சொல்வார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு யாரோடும் பேசமாட்டார். ஒரு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒரு டாக்டர் சொல்லித்தான் காதைப் பரிசோதித்தோம். இரண்டு காதும் நன்றாகவே மந்தமாகியிருந்தன. காதில் விழாததை எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? பாதி விழுந்த வாக்கியத்தை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் உழைப்பெல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கருவி மாட்டிய முதல் வாரம், ஃபேன் இவ்வளவு சத்தமா போடும் என்று எங்களைத் திட்டினார். இரண்டாம் மாதம் பால் கணக்கு சரியாக வந்தது.

எல்லோருக்கும் இப்படி நடந்துவிடாது. 70 முதல் 84 வயதுக்குள் 977 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் காது கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணங்கள் அதிகம் இருந்தவர்களிடம் மூளைத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. வீட்டில் டிவி சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்றால் காது பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். கண்புரைக்கும் இதே நியாயம்தான்.

ஹெல்மெட்டை மட்டும் ஒரு வரியில் சொல்லி நகர்கிறேன்: மூளைக்கு என்று கடையில் கிடைப்பதில் உருப்படியான பொருள் அதுதான், பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினால் வேலை செய்யாது.

இரண்டாம் படி: தூக்கம்

பகலில் கற்றதை மூளை அடுக்கிவைப்பது தூக்கத்தில். தூங்கும் எலிகளின் மூளையில் செல்களுக்கிடையே உள்ள வெளி விரிந்து, திரவம் பாய்ந்து கழிவுகளை அடித்துப்போவதை மைக்கன் நெடர்கார்ட் என்ற மூளை ஆய்வாளரின் குழு 2013இல் காட்டியது. மனிதரிலும் இது இப்படியேதானா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு மறுநாள் வரவுசெலவு எழுதிப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதற்கு நான் பரிந்துரைக்கும் முதல் வேலை படுக்கும் நேரத்தைத் திருத்துவது இல்லை, எழும் நேரத்தைக் கட்டிப்போடுவது. ஆறு மணி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணி. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ வாசலிலோ பத்துப் பதினைந்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். கோலம் போடுகிறவர்களுக்கு இது தானாக நடந்துவிடும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இரவு தூக்கத்துக்கு நேரம் குறிக்கிறது.

காபியில் நான் யாரோடும் சண்டைக்கு வரமாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன். காஃபினில் பாதி உடம்பைவிட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். மாலை 5 மணிக்கு ஆற்றிக் குடித்த டம்ளர் காபியில் பாதி, இரவு 10 மணிக்குப் படுக்கையில் உங்களோடு சேர்ந்து படுக்கிறது. மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். இரண்டு வாரம் சோதித்தும் வித்தியாசம் இல்லையென்றால் மாலைக் காபியை உங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மதியத் தூக்கம் இருபது நிமிடத்துக்குள், மூன்று மணிக்கு முன். செல்போன் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே. அலாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய் கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டால் "அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன்" என்ற சாக்கும் போய்விடும். படுத்து இருபது நிமிடமாகியும் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை பாருங்கள், தூக்கம் கண்ணைச் சொக்கும்போது திரும்புங்கள். படுக்கை என்றால் விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது.

குறட்டையைச் சிரித்துக் கடக்காதீர்கள். குறட்டை நடுவில் திடீரென்று நின்று, மூச்சுத் திணறுவதுபோல் மறுபடி தொடங்கினால், பகலில் பேருந்தில் உட்கார்ந்ததும் தலை சாய்ந்தால், அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். இரவெல்லாம் மூளைக்கு ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது. தூக்கப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்கிறது. பெண்களுக்கும் வரும். அவர்கள் குறட்டையைப் பற்றி யாரும் வெளியே பேசாததால் பெரும்பாலும் தவறிப்போகிறது.

மூன்றாம் படி: நடை

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு கேட்கிறது. மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. 55க்கும் 80க்கும் இடைப்பட்ட 120 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஒரு வருடம் நடந்தவர்களுக்கு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. கை கால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது. 2011இல் வந்த சிறிய ஆய்வு இது. நடைக்கு ஆதரவாக வேறு காரணங்களும் போதுமான அளவு இருப்பதால் இதை மட்டும் நம்பி நடக்க வேண்டியதில்லை.

தெரு நாய்க்கும் வெயிலுக்கும் பயந்து நடை நின்றுபோகிறவர்களுக்கு: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே, அல்லது மாடியில், பத்து நிமிடம். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையின் முனையை அது மழுக்கும். வாரம் இரண்டு நாள் தசைக்கு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை, இரண்டு சுற்று. அதற்கு ஜிம்மும் வேண்டாம், காலணியும் வேண்டாம்.

நான்காம் படி: சாப்பாடு, சுருக்கமாக

மூளைக்கென்றே வடிவமைத்த மைண்ட் உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான உணவிலேயே அளவைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் மூளைத்திறனில் பொருட்படுத்தும் வித்தியாசம் வரவில்லை. ஆகவே "மூளைக்கான பத்து உணவுகள்" பட்டியலைக் கண்டால் தள்ளிக்கொண்டு போங்கள். பிபிக்கும் சர்க்கரைக்கும் நல்ல சாப்பாடு மூளைக்கும் நல்லது, அவ்வளவுதான்.

நம் தட்டில் அது எப்படி இருக்கும்? சோறு ஒரு பிடி குறைந்து, அந்த இடத்தில் கீரையோ பொரியலோ சுண்டலோ. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன் வாரம் இரண்டு நாள், குழம்பில். வறுத்தது கணக்கில் வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் எண்ணெயை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு நான்கும் ஒரே நாளில் தட்டுக்கு வந்தால் சாம்பாரில் உப்பு போடும் முன்னரே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

வல்லாரையா? துவையல் எனக்குப் பிடிக்கும், அதற்காகச் சாப்பிடுகிறேன். ஞாபக சக்தியைக் கூட்டும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் பெரிய ஆய்வுகள் இல்லை. ஜின்கோ என்ற மூலிகைக்கு அப்படியொரு பெரிய ஆய்வே நடந்தது. 75 வயதைக் கடந்த 3,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஜின்கோவும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் சுமார் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் குறையவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. கடைகளில் இன்னும் விற்கிறது.

ஐந்தாம் படி: கவனம்

1907 மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா அரங்கில், நாகர்கோவில் கோட்டாறு பகுதியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். நூறு விஷயங்களை மனத்தில் ஏந்தி, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் கலை அது. வெண்பாவுக்கு ஈற்றடி ஒருவர் கொடுப்பார், கணக்கு ஒருவர் கேட்பார், நடுவில் முதுகில் விழும் நெல்லையோ கல்லையோ எண்ணிச் சொல்ல வேண்டும். இன்று நாம் இதை ஞாபக சக்தி என்போம். அந்தக் காலத்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் அவதானம். அதாவது, கவனம். எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயமாகப் படுகிறது. நாம் மறதி என்று புலம்புவதில் பெரும்பகுதி, முதலிலேயே மனத்துக்குள் போகாதவை. வாட்ஸப் பார்த்துக்கொண்டே கழற்றிவைத்த கண்ணாடி எங்கே என்பது ஞாபகத்தில் பதியவே இல்லை. இல்லாததை எத்தனை பாதாம் தின்றாலும் எடுக்க முடியாது.

முதல் பயிற்சி வாயால் சொல்வது. ரயிலில் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலைக் கைநீட்டிக் காட்டி, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வார்கள். கண் பார்த்ததை வாயும் காதும் சேர்ந்து உறுதிசெய்யும் ஏற்பாடு அது. வீட்டுக்கு அதையே கொண்டுவாருங்கள். "கேஸ் மூடியாச்சு" என்று ரெகுலேட்டரைத் தொட்டுச் சொல்லுங்கள். "பூட்டு போட்டாச்சு" என்று இழுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு பூட்டினோமா என்று திரும்பி வந்த அனுபவம் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். எதிர்வீட்டுக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. தினமும் இருபத்தைந்து நிமிடம், ஒரே ஒரு தடவை. போன் அடுத்த அறையில். புத்தகமோ கணக்கோ தையலோ, அது மட்டும். நடுவில் எழ வேண்டி வந்தால், எழும் முன் எந்த இடத்தில் நிற்கிறீர்கள், அடுத்து என்ன செய்ய இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு எழுங்கள். விட்டுவந்த வேலை மனத்தின் ஓரத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருப்பது அதனால் குறையும். முதல் வாரம் ஒன்பதாவது நிமிடத்திலேயே கை போனைத் தேடும். என்னுடையது தேடியது.

மூன்றாவது, ஞாபகம் வைக்க வேண்டாதவற்றை வைக்காமலிருப்பது. சாவிக்கு ஓர் ஆணி. மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா. கேஸ் பதிவு செய்த தேதி, கரண்ட் பில் கடைசி நாள் எல்லாம் தினசரி காலண்டரின் அந்தந்தத் தாளில். எழுதிவைப்பது மூளையைச் சோம்பேறியாக்கும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கரண்ட் பில்லை நினைவில் சுமப்பதால் எந்த மூளையும் கூர்மையானதில்லை.

ஆறாம் படி: ஞாபகப் பயிற்சி

கற்றதை நினைவில் வைக்க நாம் அறிந்த வழி, திரும்பத் திரும்பப் படிப்பது. அது மோசமான வழி. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏட்டை மூடிவைத்து ஒப்பிக்கச் சொன்னதில் நியாயம் இருந்திருக்கிறது. பிரம்பை மட்டும் விட்டுவிடலாம்.

செய்முறை இது. காலைச் செய்தித்தாளை மூடியதும், படித்ததில் மூன்று செய்திகளை உள்ளே பார்க்காமல் சொல்லுங்கள். ஊர், பெயர், எண் சேர்த்து. வரவில்லையென்றால் உடனே பார்க்காதீர்கள், ஒரு நிமிடம் தேடுங்கள். அந்தத் தேடல்தான் பயிற்சி. இரவில் அதே மூன்றையும் மறுபடி. உண்மையிலேயே நிலைக்க வேண்டிய விஷயம் என்றால், அன்று இரவு, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளில்தான் பெரும் சரிவு, போகப்போக மெதுவாகும். நடுவில் இடைவெளி விட்டுப் படித்தது நீண்ட நாள் நிற்கும் என்பதும் அவர் கண்டதே.

நீளமானதை வரிசையாக நினைவில் வைக்க நம்மிடமே ஓர் ஏற்பாடு இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். அபிராமி அந்தாதி நூறு பாட்டையும் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். முந்தைய பாட்டின் வால் அடுத்ததன் தலையை இழுத்துக்கொண்டு வருகிறது. மேடையில் பேசப் போகிறீர்களா? ஒவ்வொரு பத்தியின் கடைசிச் சொல்லையும் அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தில் வைத்துத் தயாரியுங்கள். தாள் தேவைப்படாது.

கடைச் சாமான் பட்டியலுக்கு வீட்டைப் பயன்படுத்துங்கள். வாசலில் தொடங்கி நீங்கள் தினம் நடக்கும் வழியில் ஐந்து இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: செருப்பு ஸ்டாண்டு, ஸ்விட்ச் போர்டு, டிவி, சாமி அலமாரி, அடுப்பு. இப்போது சாமான்களை ஒவ்வொன்றாக அங்கே வையுங்கள், கொஞ்சம் கிறுக்குத்தனமாக. செருப்புக்குள் துவரம்பருப்பு கொட்டிக் கிடக்கிறது, கால் வைத்ததும் குத்துகிறது. ஸ்விட்சைப் போட்டால் நல்லெண்ணெய் ஒழுகுகிறது. டிவியில் செய்தி வாசிப்பவர் கழுத்தில் மாலையாக வெங்காயம். சாமி படத்துக்குப் பூவுக்குப் பதில் கறிவேப்பிலை. அடுப்பில் சோப்பு நுரை பொங்கி வழிகிறது. கடையில் நின்று மனத்தால் வீட்டுக்குள் ஒரு நடை நடந்தால் ஐந்தும் வந்துவிடும். ஒரு வாரம் பழகினால் இடங்களைப் பத்தாக்கலாம். கிறுக்குத்தனம் குறைந்தால் பிடிப்பும் குறையும், கூச்சப்படாதீர்கள்.

பெயர் மறப்பவர்களுக்கு: அறிமுகமான நொடியில் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், "நீங்க எந்த ஊர், செல்வி?" என்று. அதே பெயரில் உங்களுக்குத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் இவரை மனத்தில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, வீடு திரும்பும் வழியில் ஒருமுறை முகத்தை நினைத்துப் பெயரை எடுத்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் இருபது பேரை இப்படிச் செய்ய முடியாது. மூன்று பேர் போதும்.

ஏழாம் படி: புதிதாக ஒன்று

சுடோகு தினமும் போட்டால் சுடோகு நன்றாக வரும். அந்தத் திறமை பால் கணக்குக்கோ பெயர் ஞாபகத்துக்கோ தாவுவது அபூர்வம். மூளை விளையாட்டு ஆப் நடத்திய லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கை 2016இல் 20 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

டெனீஸ் பார்க் என்ற ஆய்வாளரின் குழு 60 வயது கடந்தவர்களை வேறுவிதமாகச் சோதித்து 2014இல் வெளியிட்டது. சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்குத் துணி ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது. மூன்று மாதம், வாரம் ஏறக்குறைய 15 மணி நேரம். இவர்களின் ஞாபகத் திறன் மேம்பட்டது. கூடி உட்கார்ந்து அரட்டை, சுற்றுலா என்றிருந்த குழுவுக்கு அந்த அளவு இல்லை. பழகிய வேலை சுகமாக இருக்கும், மூளைக்கு அதில் புதிய உழைப்பு கிடையாது.

ஆகவே உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து மாநிலத்து எழுத்து, மிருதங்கம், தையல், இதுவரை போட்டிராத இருபத்தொரு புள்ளிக் கோலத்தைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து போடுவது. கூட ஓர் ஆள் இருந்தால் மேல். பேரக் குழந்தையோடு பல்லாங்குழி ஆடுங்கள், பதினான்கு குழியில் எங்கே எத்தனை சோழி என்று தொடாமல் கணக்கு வைத்து. தோற்பீர்கள். எட்டு வயதுக்காரர்கள் இரக்கம் காட்டமாட்டார்கள்.

இத்தனையையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளிக்கிழமை ஒன்றும் மிஞ்சாது. முதல் வாரம் பரிசோதனைகள், எழும் நேரம். மூன்றாம் வாரம் நடை. ஐந்தாம் வாரம் உப்பும் சோறும். ஏழாம் வாரத்திலிருந்து இருபத்தைந்து நிமிடக் கவனமும் செய்தித்தாள் ஒப்பித்தலும். ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குள் 1,260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வும் இப்படித்தான், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிபி சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் கலந்து இரண்டு வருடம் கொடுத்தது. கலவைக்குப் பலன் இருந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள்.

டாக்டரிடம் எப்போது

தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்று, குளிக்கும்போது வந்து சேர்வது வயசு. நாற்பது வருடமாக வைத்துவரும் வத்தக்குழம்பில் எது முதலில், எது அடுத்து என்று குழம்புவது வேறு. தினம் போகும் தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியை அரை மணிக்குள் நான்கு தடவை கேட்பது, பணத்தில் புதிதாகத் தவறுகள், சாதுவாக இருந்தவர் சந்தேகப் பிராணியாக மாறுவது ஆகியவற்றுக்கு மூளை நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில், இரண்டு நாளில் திடீரென்று ஆள் குழம்பினால் அதை மறதி நோய் என்று விடாதீர்கள். சோடியம் இறங்கியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி. வாய் கோணுதல், ஒரு கை தொங்குதல், பேச்சு குழறுதல் என்றால் 108. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கைமருந்து தேய்த்துக்கொண்டிருந்தால் அது வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

மறதிக்காகப் போகும்போது மாத்திரை அட்டைகளையெல்லாம், கடையில் நீங்களே வாங்கியதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். எது எப்போது தொடங்கியது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டர் இன்று என்ன கிழமை என்பார், மூன்று சொற்கள் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார், கடிகாரம் வரையச் சொல்வார். அப்போது கூடப் போனவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காதைப் பரிசோதிக்கச் சொன்ன அந்த டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் நான்கு கேள்விக்கும் பதில் சொன்னது நான்தான். ஐந்தாவது கேள்வியை அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உரக்கக் கேட்டார்.